மூன்று தாள் கனம்

நம் வளாகத்தில் மிதிவண்டி இல்லாத மாணவரைக் காண்பது அரிது. விடுதிக்கும் வகுப்புக்கும் உள்ள தொலைவு அப்படி. ஊரிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கும் தமிழ் மாணவர் முதல் மாதத்திலேயே தேடும் பொருள்கள் இரண்டு: ஒன்று, நல்ல சோறு கிடைக்கும் இடம், மற்றொன்று, மலிவான சைக்கிள். முதலாவது கிடைக்காவிட்டாலும் இரண்டாவது கிடைத்துவிடும். படிப்பு முடித்துச் செல்லும் மூத்த மாணவர் யாரேனும் தம் வண்டியை விற்றுவிட்டுப் போவார். நான் வாங்கியதும் அப்படிப்பட்ட வண்டியே. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் பூண்டது.

அதன் முன் பிரேக்கைப் பற்றி, அதிலும் பிரேக் உறுப்புகளுக்கும் ஃபோர்க்குக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளியைப் பற்றி எழுதத் துணிந்தேன். துணிவு என்று கூறக் காரணம் உண்டு. நான் பொறியியல் மாணவன் அல்லன். இயற்பியல் முதுகலை பயில்பவன். இவ்விடைவெளியின் அருமையை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. சென்ற பருவத்தில் நானே செய்த பிழையிலிருந்து கற்றேன். அப்பிழையால் கீழே விழுந்தவன் நான் அல்லன். நம் சங்கத்துத் தம்பி ஒருவர். ஆதலின் இதை எழுதுவது என் கடன்.

தொடங்குமுன் ஒரு சொல். உறுப்புகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் காண நான் முயலவில்லை. சைக்கிள் கடையில் வழங்கும் பெயர்களையே ஆள்கிறேன். படித்துவிட்டுக் கடைக்குச் செல்பவர் அங்கே பேச வேண்டுமன்றோ? அச்சு, மரை போன்றவை மட்டும் நம் ஊர்க் கடைகளிலும் தமிழாகவே வழங்குவதால் அப்படியே நின்றன.

உறுப்புகளும் அவற்றின் இடமும்

டிஸ்க் பிரேக் புதிய கருத்தன்று. இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்பார் மோட்டார் வண்டிக்காக 1902-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் பிரான்சு நாட்டின் லெமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வென்றபின் இதன் புகழ் பரவியது. சைக்கிளுக்கு இது வந்து சேர நெடுநாளாயிற்று. சாலைப் பந்தய வண்டிகளில் இதை உலக சைக்கிள் சங்கம் முழுமையாக ஏற்றுக்கொண்டது 2018-இல்தான்.

முன்சக்கரத்தின் நடுவே ஹப் இருக்கிறது. அதன் இடப்பக்க முகத்தில் ஓர் எஃகுத் தட்டு ஆறு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளது. இதுவே டிஸ்க். ஆறு போல்ட்டுகளும் 44 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின்மேல் அமைந்தவை. தட்டின் விட்டம் நம் வண்டிகளில் பெரும்பாலும் 160 மி.மீ.; கனம் புதிதில் சுமார் 1.8 மி.மீ. தேய்ந்து 1.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். இத்தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கிடுக்கிக்குக் காலிப்பர் என்று பெயர். அது ஃபோர்க்கின் இடக்காலில், பின்புறமாகப் பொருத்தப்பட்டிருக்கும்.

இப்போது தட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன் ஒருபுறம் போக்ஸ் கம்பிகள் சுழல்கின்றன. மறுபுறம் ஃபோர்க்கின் கால் அசையாமல் நிற்கிறது. ஃபோர்க்கின் இரு நுனிகளுக்கும் இடையே உள்ள அகலம் பழைய முறை வண்டிகளில் 100 மி.மீ. இந்த 100-க்குள் ஹப், தட்டு, போல்ட் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். நம் விடுதி அறையில் மூவர் தங்குவது போலத்தான். யாரும் ஓர் அங்குலம் கூடுதலாகக் காலை நீட்டினால் அடுத்தவர்மேல் படும்.

நடந்தது

சென்ற பருவத்தில் என் முன்சக்கரத்தின் ஹப் பழுதாயிற்று. உள்ளே குண்டுகள் ஓடும் பாதை குழி விழுந்துவிட்டது. வாயிலுக்கு வெளியே உள்ள கடைக்காரர் வேறொரு சக்கரத்தைப் பொருத்தி, என் பழைய தட்டை அதில் மாற்றித் தந்தார். தள்ளிப் பார்த்தேன். சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஆறு முறை 'டிக் டிக்' என்று ஒலி. குனிந்து நோக்கினால், தட்டைப் பிணைத்த போல்ட்டுகளின் தலைகள் ஒவ்வொன்றாக ஃபோர்க்கின் இடக்காலை உள்புறத்தில் உரசிச் சென்றன.

கடைக்காரர் இரண்டு வழிகள் கூறினார். ஃபோர்க்கின் காலை உள்பக்கம் அரத்தால் சற்று ராவிவிடலாம். அல்லது அச்சில் இடப்பக்கம் இரண்டு வாஷர் போட்டுச் சக்கரத்தை நகர்த்திவிடலாம். "சலேகா" என்றார். ஓடும், பரவாயில்லை என்பது அதன் பொருள். இவ்வூருக்கு வந்தபின் நாம் அனைவரும் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுவே. ராவுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. வாஷர் தீங்கற்றது என்று எண்ணி அதற்கு இசைந்தேன். ஒலி நின்றது. நானும் மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் மாலை, "அண்ணா, சைக்கிள் கொஞ்சம் தருகிறீர்களா? நூலகம் போய் வந்துவிடுகிறேன்" என்று தம்பி கேட்டார். கொடுத்தேன். நூலகத்திலிருந்து விடுதிக்கு இறங்கும் சரிவில் குறுக்கே ஒரு நாய் ஓட, அவர் முன் பிரேக்கை இறுகப் பிடித்திருக்கிறார். அச்சின் இடமுனை ஃபோர்க்கிலிருந்து கீழே நழுவி, சக்கரம் சாய்ந்து, டயர் இடக்காலில் சிக்கி நின்றுவிட்டது. அவர் பக்கவாட்டில் விழுந்தார். முழங்கை தேய்ந்து இரத்தம் வழிய வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர், "மன்னியுங்கள் அண்ணா, வண்டியைக் கெடுத்துவிட்டேன்" என்றார். வண்டியைக் கெடுத்தவன் நான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது.

வாஷர் ஏன் வஞ்சித்தது?

அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்து அமர்ந்தேன். வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்க. சற்று வலுவாகப் பிரேக் பிடித்தால் தரை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசை 400 நியூட்டன் வரும். இது தரைமட்டத்தில், அச்சிலிருந்து 350 மி.மீ. தொலைவில் செயற்படுகிறது. காலிப்பரோ தட்டை அச்சிலிருந்து 75 மி.மீ. தொலைவில் பிடிக்கிறது. நெம்புகோல் விதிப்படி காலிப்பரில் எழும் விசை 400-ஐ 350-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் கிடைப்பது: ஏறத்தாழ 1,870 நியூட்டன். அதாவது 190 கிலோ எடை.

அவ்விசையின் திசையே இங்கு முதன்மையானது. வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரத்தின் பின்பாதி மேல்நோக்கிச் செல்கிறது. காலிப்பர் பின்புறம் இருப்பதால், மேலே ஏற முயலும் தட்டை அது கீழ்நோக்கி அழுத்துகிறது. ஃபோர்க்கின் நுனியில் அச்சு நுழையும் பிளவும் கீழ்நோக்கியே திறந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அச்சின் இடமுனையை வெளியே பிடுங்க ஒரு பெருவிசை முயல்கிறது. வண்டியின் பாரம் எதிர்த்திசையில் அழுத்துவது உண்மையே. ஆனால் அது மேற்கூறிய விசையின் பாதியைக்கூட எட்டாது. இந்த ஆபத்தை ஜேம்ஸ் அன்னன் என்ற ஆங்கில விஞ்ஞானி 2003-இல் விளக்கி எழுதினார். அச்சைப் பிடித்து வைத்திருப்பது நட்டின் இறுக்கமே. நம் ஊர் மாட்டுவண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படி.

என் அச்சின் மரை ஒன்றுக்கு 1 மி.மீ. ஆக, உள்ளே போட்ட 2 மி.மீ. வாஷர் வெளியே இருந்த நட்டிடமிருந்து இரண்டு மரைகளைத் திருடிக்கொண்டது. 100 மி.மீ. இடத்தில் 102 மி.மீ. ஹப்பைத் திணித்ததால் ஃபோர்க்கின் கால்கள் விரிந்து, நட்டு படியும் முகங்கள் இணையாக இல்லாமற் போயின. சக்கரமும் நடுவிலிருந்து 1 மி.மீ. வலப்புறம் ஒதுங்கியது. தீங்கற்றது என்று நான் எண்ணிய சிறு வளையம் செய்த வேலை இத்தனை.

ராவியிருந்தால்? அதுவும் தீதே. ஃபோர்க்கின் கால் உள்ளே குழலானது. அதன் சுவர் மெல்லியது. மேலே கண்ட 1,870 நியூட்டன் விசையைத் தாங்கும் காலிப்பர் பிடி அதே காலில்தான் இருக்கிறது. அங்கே கீறிய பள்ளத்தில் தகைவு குவியும். நாளடைவில் வெடிப்பு தோன்றும். சில ஃபோர்க்குகளின் கால்கள் மக்னீசியக் கலவையால் ஆனவை. அதன் அரப்பொடி தீப்பற்றக்கூடியது என்பதை வேதியியல் நண்பர்கள் நன்கு அறிவர்.

அளந்து பார்த்தல்

மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து வெர்னியர் அளவி ஒன்றை அனுமதியுடன் கொணர்ந்தேன். முதலில் போல்ட் தலைகள் ஆறிலும் கரும்பலகைச் சுண்ணத்தைப் பூசிச் சக்கரத்தைச் சுற்றினேன். ஆறிலும் சுண்ணம் அழிந்தது. இது நல்ல சோதனை. ஒரே தலையில் மட்டும் அழிந்தால், அந்தப் போல்ட் முழுதும் இறங்கவில்லை, அல்லது தட்டு கோணியுள்ளது என்று கொள்க. சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் ஆட்டும்போது மட்டும் உரசினால், ஹப்பின் கோன் தளர்ந்துள்ளது. அதை இறுக்கினாலே போதும். ஆறும் உரசினால் குறை அமைப்பில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு எளிது. ஃபோர்க்கின் நுனியைத் தொடும் ஹப்பின் முனையிலிருந்து தட்டு அமரும் முகம் வரை 10.5 மி.மீ. இருந்தது. பழைய ஹப்பிலும் அதே அளவுதான். இதுவே நம் வரவு. செலவுகள் மூன்று. தட்டின் கனம் 1.8. ஃபோர்க்கின் கால் நுனியைவிட உட்புறம் புடைத்திருக்கும் அளவு 4.0. போல்ட் தலையின் உயரம் 5.0. கூட்டினால் 10.8. வரவு 10.5, செலவு 10.8. துண்டு விழுந்தது 0.3 மி.மீ.

0.3 மி.மீ. எவ்வளவு என்று அறிய விரும்புவோர் நாம் ஆய்வேடு அச்சிடும் தாளை எடுத்துக்கொள்ளலாம். 500 தாள் கொண்ட கட்டின் உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. ஆகவே ஒரு தாள் 0.1 மி.மீ. மூன்று தாளின் கனத்துக்காக நான் ஃபோர்க்கை விரித்து, நட்டைக் குறைத்து, ஒரு தம்பியை விழச் செய்தேன்.

இச்செலவுகளில் எது மாறியது? ஃபோர்க் மாறவில்லை, தட்டும் மாறவில்லை. போல்ட்டுகளை உற்றுப் பார்த்தேன். பழைய போல்ட்டுகளின் தலை தட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது நினைவுக்கு வந்தது. இவையோ உருளைத் தலை உடையவை. சக்கரம் மாற்றியபோது பழையவற்றின் தலை மழுங்கிப் போனதால், கடைக்காரர் கைக்குக் கிடைத்த 5 மி.மீ. போல்ட்டுகளை இட்டிருக்கிறார். 5 மி.மீ. போல்ட்டில் உருளைத் தலையின் உயரம் தர அளவின்படி 5 மி.மீ.; குமிழ்த் தலையின் உயரம் 2.75 மி.மீ. மட்டுமே. வேறுபாடு 2.25 மி.மீ. பழி ஃபோர்க்கின் மேல் விழுந்தது. குற்றவாளி ஆறு போல்ட் தலைகள்.

டிஸ்க்குக்கென்றே விற்கும் தாழ்ந்த தலைப் போல்ட்டுகள் ஆறு வாங்கினேன். ஒரு வேளை உணவின் விலைதான். அவற்றின் தலை 2.75 மி.மீ. இருந்தது. இடைவெளி மூன்று தாள் பற்றாக்குறையிலிருந்து 1.95 மி.மீ. மிச்சமாக மாறிற்று. வாஷர்கள் இரண்டையும் கழற்றி எறிந்தேன். நழுவியதில் முனைகள் சிதைந்த அச்சையும் நட்டுகளையும் மாற்றி, ஃபோர்க்கின் நுனிப் பிளவில் வெடிப்பு இல்லை என்பதைப் பார்த்த பின்னரே சக்கரத்தை ஏற்றினேன்.

போல்ட் வாங்குவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். பழையதன் நீளத்துக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள்; நீண்டால் ஹப்பின் துளையில் அடி முட்டிக்கொண்டு, இறுகியது போல் தோன்றித் தட்டு தளர்ந்தே இருக்கும். இறுக்கும்போது அடுத்தடுத்த போல்ட்டை இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். செய்தவர் குறித்த இறுக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. நீளமுள்ள சாவியின் முனையில் 5 கிலோ எடை தொங்குவது போன்ற அழுத்தம் என்று கொள்ளலாம்.

ஹப்பே குறைவாக இருந்தால்?

வரவே 10.5-க்குக் குறைந்து 9.5 ஆக உள்ள ஹப்பும் கையில் வந்து சேரலாம். அதற்கும் முறையான வழி உண்டு. அச்சின் வலப்பக்கம் உள்ள 1 மி.மீ. இடைவளையத்தை எடுத்து இடப்பக்கம் போடுங்கள். மொத்த அகலம் 100 மாறாது. நட்டுக்கு வேண்டிய மரைகள் இருபுறமும் சமமாக நிற்குமாறு அச்சையும் அதற்கேற்ப நகர்த்திவிடுங்கள். இதனால் ரிம் 1 மி.மீ. வலப்புறம் செல்லும், போக்ஸ் கம்பிகளைத் திருகி அதை நடுவுக்குக் கொணர வேண்டும். தட்டு உள்ளே நகர்ந்த அளவு காலிப்பரையும் உள்ளே நகர்த்த வேண்டும். இதற்குக் கை பழகியவர் உதவி தேவை. நான் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு, நான் கூட்டினேன். இங்கு இடம் மாற்றுகிறோம்.

ஹப்புக்கும் தட்டுக்கும் இடையே வைக்கும் மெல்லிய தகடுகளும் விற்கின்றன. அவை தட்டை ஃபோர்க்கை நோக்கியே தள்ளும். ஆகவே நம் நோய்க்கு அவை மருந்தாகா, நோயை வளர்க்கும். காலிப்பரின் உட்புறத் திருகு போக்ஸ் கம்பியில் தட்டும் வண்டிகளுக்கு, ஃபோர்க் பக்கம் இடம் மிச்சமிருந்தால், அவை பயன்படும்.

மற்ற நெருக்கங்கள்

பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கட்டும் என்று 160-க்குப் பதில் 180 மி.மீ. தட்டைப் பூட்டுவோர் உண்டு. தட்டின் விளிம்பு 10 மி.மீ. வெளியே வருகிறது. காலிப்பரை உயர்த்தும் துண்டு ஒன்றை வைத்தால் காலிப்பர் பொருந்திவிடும். ஆனால் விளிம்பு ஃபோர்க்கின் காலைத் தொடலாம். தொடாவிட்டாலும், ஃபோர்க் செய்தவர் குறித்த உச்ச அளவுக்கு மேற்பட்ட தட்டைப் பூட்டக் கூடாது. இங்கு மருந்து ஒன்றே: பழைய அளவுக்குத் திரும்புதல்.

அடுத்து, காலிப்பரின் கட்டைகளுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி. காலிப்பரின் இரு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடி, இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் அது தானே நடுவில் அமரும். கம்பி இழுத்து இயங்கும் காலிப்பர் பலவற்றில் ஒரு கட்டைதான் அசையும். அசையாத கட்டைக்கும் தட்டுக்கும் இடையே இரண்டு தாள் நுழையுமாறு திருகை வையுங்கள். அதற்கும் குறைத்தால் சரிவில் இறங்கும்போது உரசும். எஃகு சூடேறினால் விரியும், 80 மி.மீ. ஆரமுள்ள தட்டு 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு தாள் கனம் விரிகிறது. நடுப்பகுதி குளிர்ந்தும் விளிம்பு சூடாகவும் இருப்பதால் தட்டு பக்கவாட்டிலும் சிறிது நெளியும்.

கடைசியாக ஒன்று. நட்டுக்குப் பதில் கைப்பிடியால் இறுக்கும் அச்சு உள்ளவர்கள், கைப்பிடியை முழுதும் திறந்து தட்டின் பக்கம் திருப்பிப் பாருங்கள். கைப்பிடிக்கும் தட்டுக்கும் இடையே 6 மி.மீ.யாவது, அதாவது ஒரு பென்சில் நுழையும் அளவாவது, இருக்க வேண்டும். ஓட்டத்தில் தளர்ந்த கைப்பிடி தட்டின் துளையில் சிக்கினால் சக்கரம் உடனே நின்றுவிடும். 2015-இல் ட்ரெக் கம்பெனி இக்காரணத்தால் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கைப்பிடியை மாற்றித் தந்தது. அவ்வாறு சிக்கிய விபத்துகளில் ஒருவர் கை கால்கள் செயலிழந்தார். சில மில்லிமீட்டர்தான்.

முடிவாக

உரசும் ஒலி கேட்டால் அரத்தையோ வாஷரையோ தேடாதீர்கள். முதலில் சுண்ணம் பூசி எங்கே உரசுகிறது என்று அறியுங்கள். பின்பு வரவு செலவு எழுதுங்கள். எந்த உறுப்பு தன் அளவை மீறியதோ, அதை மாற்றுங்கள். அசையாமல் நிற்கும் ஃபோர்க்கு பெரும்பாலும் குற்றமற்றது. சுழல்வதற்கும் நிற்பதற்கும் இடையே 1.5 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடுவது என் வழக்கம். வேலை முடிந்தபின் சமதரையில் ஐந்தாறு முறை பிரேக் பிடித்துப் பார்த்து, அச்சின் நட்டுகளை மீண்டும் சோதித்த பிறகே சரிவில் இறங்குங்கள். பிறருக்கு இரவல் கொடுப்பதும் அதன் பிறகே.

கடைக்காரரிடம் மீண்டும் சென்று இரு வகைப் போல்ட்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தவர், டிராயரிலிருந்த உருளைத் தலைப் போல்ட்டுகளை வேறு டப்பாவில் கொட்டி, அதன்மேல் சிவப்பு மையால் ஒரு குறி இட்டார். இம்முறை "சலேகா" என்று அவர் சொல்லவில்லை.

தம்பியின் முழங்கை ஆறிவிட்டது. அவரும் நானும் ஞாயிறு காலைகளில் விடுதி முன்னுள்ள வேப்பமரத்தடியில் வெர்னியரும் சுண்ணமும் ஒரு கட்டுத் தாளும் வைத்துக்கொண்டு அமர்கிறோம். உங்கள் வண்டி 'டிக் டிக்' என்றால் ஓட்டிக்கொண்டு வராமல் தள்ளிக்கொண்டு வாருங்கள்.